கட்டமும் கோலமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில், கணிப்பொறியைக் கொண்டு கட்டம் அமைத்துக் கோலம் வரைவதைப் பற்றிப் பேச முன்வந்திருக்கின்றேன். ஆண்டு விழாவிற்கு இப்பொருள் ஏற்றதோ எனச் சிலர் ஐயுறலாம். நம் வீட்டு வாயிலில் தொடங்கும் பொருள் இது. ஆதலின் இங்குப் பேசுதற்கு உரியதே என்பது என் துணிபு.

ஒரே வடிவத்தை இடைவெளி இன்றியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் அடுக்கித் தளத்தை நிரப்புவதே ஓடு பாவும் கலையாகும். பக்கங்கள் எல்லாம் சமமாகவும் கோணங்கள் எல்லாம் சமமாகவும் உள்ள வடிவங்களுள், தனித்து நின்று தளத்தை நிரப்ப வல்லவை மூன்றே. அவை முக்கோணம், சதுரம், அறுகோணம் என்பன. காரணம் மிக எளிது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணங்களின் தொகை 360 பாகை. முக்கோணத்தின் 60 பாகைக் கோணங்கள் ஆறு சேர்ந்தால் அத்தொகை நிறையும். சதுரத்தின் 90 பாகைக் கோணங்கள் நான்கு போதும். அறுகோணத்தின் 120 பாகைக் கோணங்கள் மூன்று போதும். ஐங்கோணத்தின் கோணமோ 108 பாகை. மூன்றை வைத்தால் 324 பாகை ஆகும். எஞ்சிய 36 பாகையில் நான்காவது நுழையாது.

நாம் வாழும் இத்தலைநகரிலேயே இக்கணக்கினைக் கல்லில் காணலாம். 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த உமாயூன் கல்லறை மாடத்தின் கற்பலகணிகளைச் சென்று நோக்குங்கள். அறுகோணமும் விண்மீன் வடிவும் ஒன்றையொன்று தழுவி நிற்கும். அளவு தவறாத கட்டம் ஒன்றை முதலில் கீறிக்கொண்ட பின்னரே உளி அங்கே வேலை செய்திருத்தல் கூடும்.

இதே கணக்கினை நம் தாய்மார்கள் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். கோலம் கேட்பவர், "எத்தனை புள்ளி? நேர்ப்புள்ளியா, இடைப்புள்ளியா?" என்றன்றோ முதலில் வினவுகின்றார்! நேர்ப்புள்ளி என்பது சதுரக் கட்டம். உள்ளே நிற்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகள் நான்கு. இடைப்புள்ளி என்பது மேல் வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே கீழ் வரிசைப் புள்ளியை வைப்பது. அங்கே அண்டைப் புள்ளிகள் ஆறு. "7 புள்ளி, 1 வரை, நேர்ப்புள்ளி" என்றால் 1, 3, 5, 7, 5, 3, 1 என 25 புள்ளிகள் சாய்சதுரமாக நிற்கும். "7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி" என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 என 37 புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். தளக் கணிதத்தின் இரு பெருங் கட்டங்களை இரண்டே சொற்களில் பிரித்துரைத்த மொழி நம்முடையது என்பதில் நாம் மகிழ்வதற்கு இடமுண்டு.

இனி, இதனைக் கணிப்பொறியில் செய்யும் முறையைக் கூறுவேன். இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருள் 2003-ஆம் ஆண்டில் தோன்றியது, விலையின்றிக் கிடைப்பது. அதில் செவ்வகக் கட்டமும் உண்டு. 30 பாகைச் சாய்வில் கோடுகள் செல்லும் சாய்கட்டமும் உண்டு. முன்னது நேர்ப்புள்ளிக்கு உரியது. பின்னது இடைப்புள்ளிக்கு உரியது. கட்டத்தைப் பற்றிக்கொள்ளும் வசதியை இயக்கிவிட்டால், சுட்டி அருகில் வந்தவுடன் புள்ளி தானே தன் இடத்தில் சென்று அமரும்.

கட்டத்தின் துணையின்றி எண்களைக் கொண்டே இடைப்புள்ளி வைக்க விரும்பும் மாணவர்கள் ஓர் அளவினை நினைவிற் கொள்க. புள்ளிகளுக்கு இடையே 20 மில்லிமீட்டர் விட்டால், அடுத்த வரிசை 10 மில்லிமீட்டர் விலகித் தொடங்க வேண்டும்; இரு வரிசைகளுக்கும் இடையே 17.32 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். அங்கும் 20 என்றே வைப்போமாயின் அறுகோணம் நெடிதாக நீண்டு அழகு குன்றும்.

ஒரு சிறு வடிவத்தை வரைந்து, 'டைல்டு குளோன்' என்னும் கட்டளையைக் கொடுத்தால், கேட்ட எண்ணிக்கையில் அதன் படிகள் வரிசை வரிசையாகப் பரவும். மூல வடிவில் ஒரு வளைவினை மாற்றினால் எல்லாப் படிகளும் உடன் மாறும். நகர்த்தல், சுழற்றல், கண்ணாடி போல் திருப்பல் ஆகியவற்றைச் சேர்த்து அடுக்கும் முறைகள் 17 அங்கே பட்டியலிடப் பெற்றுள்ளன. ஏன் 17? திரும்பத் திரும்ப வரும் தளக் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என்பதை ருஷிய அறிஞர் ஃபெதரோவ் 1891-இல் நிறுவினார். 1924-இல் போல்யா என்னும் கணித அறிஞர் அவற்றைப் படங்களோடு விளக்கினார். ஸ்பெயின் நாட்டு அல்ஹாம்பிரா மாளிகையின் ஓடுகளை 1922-இலும் 1936-இலும் கண்டு வியந்த டச்சு ஓவியர் எஷர், போல்யாவின் கட்டுரையைப் பயின்றே மீனும் பறவையும் இடைவெளியின்றி இணையும் ஓவியங்களைப் படைத்தார்.

அன்பர்களே! இவ்வளவும் பொறியே செய்துவிடுமாயின் நாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை நம் சிக்குக் கோலத்திலேயே இருக்கின்றது. 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே தோறும் இழை குறுக்கிடுமாறு வளைத்துச் சென்றால், ஒரே இழையில் கோலம் முடியும். இப்போது அதன் படி ஒன்றினைக் கீழே சேர்த்து, இடையிலும் அவ்வாறே இழைகளைக் குறுக்கிட்டு இணையுங்கள். 6 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி ஆயிற்று. இழை இப்போது ஒன்றன்று, இரண்டு! பக்கவாட்டில் சேர்த்து 3 வரிசை, வரிசைக்கு 8 புள்ளி ஆக்கினாலோ மீண்டும் ஒரே இழை. வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அதுவே இழைகளின் எண்ணிக்கை. 4-க்கு 4 வைத்தால் நான்கு இழைகள் வரும். படியெடுத்தல் பொறியின் தொழில். இழை அறாமல் காத்தல் வரைபவரின் அறிவு.

இவ்வறிவினைக் கணிப்பொறி அறிஞர்களும் மதித்தனர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி அவர்கள், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து, கோலங்களுக்கு இலக்கணம் வகுக்கும் ஆய்வுக் கட்டுரையை 1974-இல் வெளியிட்டார். சொற்றொடருக்கு இலக்கணம் இருத்தல் போலச் சித்திரத்திற்கும் இலக்கணம் உண்டு என்று காட்டிய ஆய்வுகளுள் நம் வாசற்கோலமும் இடம் பெற்றது.

இத்துறை அறிஞர்க்கு மட்டுமே உரியதென எண்ணற்க. அமெரிக்க நாட்டு இல்லத்தரசி மார்ஜரி ரைஸ், உயர்நிலைப் பள்ளிக்கு மேல் கணிதம் பயிலாதவர். அவர் 1975-இல் ஓர் இதழ்க் கட்டுரையைப் படித்து ஆர்வங் கொண்டு, தளத்தை நிரப்பும் ஐங்கோணங்களில் நான்கு புதிய வகைகளைக் கண்டறிந்தார். இங்கிலாந்தில் அச்சுத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற டேவிட் ஸ்மித், 2022-இல் கணிப்பொறியில் வடிவங்களை அமைத்தும் தாளில் வெட்டி அடுக்கியும் 13 பக்கங்கள் கொண்ட ஓடு ஒன்றைக் கண்டார். அது தளம் முழுவதையும் நிரப்பும். ஆயின் அதன் கோலம் ஒருபோதும் சீராகத் திரும்பி வாராது. 2023-இல் அறிஞர் மூவருடன் இணைந்து அவர் அதனை உலகிற்கு அறிவித்தார். மென்பொருளின் பட்டியலிலுள்ள 17 முறைகளில் எதனாலும் அதனை அடுக்க இயலாது!

நம் குடியிருப்புகளில் வாயில் சுருங்கிவிட்டது. மாடி வீட்டுக் கதவின் முன் மாக்கோலத்திற்கு இடமில்லை. ஒட்டுக் கோலம் வாங்கி ஒட்டுகின்றோம். அதில் தவறு காண நான் வரவில்லை. ஆயின் ஒட்டும் கையில் புள்ளிக் கணக்கு தங்காது. கணிப்பொறியில் ஆயத்தப் படத்தை எடுத்துப் பரப்பும் பிள்ளைக்கும் அந்நிலையே நேரும். ஒரு தலைமுறை கணக்கை மறந்தால், அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது படம் மட்டுமே.

ஆகவே என் வேண்டுகோள் இது. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் தாயும் பிள்ளையும் உடன் அமர்க. தாய் தாளில் புள்ளி வைக்கட்டும். பிள்ளை அதே புள்ளிகளைத் திரையில் வைக்கட்டும். இழை எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தாய் சொல்லட்டும். ஏன் அங்கே திரும்புகின்றது என்பதைப் பிள்ளை எண்ணிப் பார்த்துக் கூறட்டும். அவ்வாறு வரைந்த கோலங்களைத் தொகுத்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடச் சங்கத்தார் மனம் இசைவாராயின், அதனினும் இனிய பரிசு என் போன்றோர்க்கு வேறில்லை.