அரசைக் கேள்வி கேட்பவர் யார்?

(வவுனியாவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நமது இன்றைய குறை, சட்டம் இல்லாமை அன்று. இருக்கின்ற சட்டத்தை நிறைவேற்று என்று அரசைக் கேட்பார் இல்லாமையே குறை. தமிழ் 1987இல் அரசகரும மொழியாயிற்று. வடக்கிலும் கிழக்கிலும் அரச கருமங்கள் தமிழில் நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும், தன் காணியைப் பற்றிச் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தைக் கையில் ஏந்தி, படித்துச் சொல்ல ஆள் தேடி அலையும் கமக்காரனை நாம் இன்றும் காண்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

பிற நாடுகளில் இதற்கு என்ன வழி கண்டார்கள்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள் உள. ஒன்றியம் ஒரு பணிப்புரையை விடுத்தால், குறித்த தவணைக்குள் உறுப்பு நாடு அதனைத் தன் சட்டமாக்கி நடைமுறைப்படுத்த வேண்டும். தவறினால் ஒன்றியத்தின் ஆணைக்குழு முதலில் விளக்கம் கோரி எழுதும். பின்னர் காரணங்காட்டி எச்சரிக்கும். அதற்கும் அசையாவிடின் அந்த நாட்டையே நீதிமன்றத்தில் எதிராளியாக நிறுத்தும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், கூரூப்பிதோஸ் ஆற்றங்கரையிலே குப்பை கொட்டிய விவகாரத்தில் 1992இல் தீர்ப்பாயிற்று. கிரேக்க அரசு அதனைப் பொருட்படுத்தவில்லை. 2000ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள் அதே நீதிமன்றம், தீர்ப்பை நிறைவேற்றும்வரை நாளொன்றுக்கு 20,000 யூரோ தண்டம் விதித்தது. அதன் பின்னரே அங்கு குப்பை கொட்டுவது நின்றது.

நமக்கு அத்தகைய நீதிமன்றம் இல்லை. சிங்கராசா வழக்கை நினைவுகூருங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு தண்டிக்கப்பட்டவர் அவர். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கண்டது. 2006இல் நம் உச்ச நீதிமன்றமோ, அக்குழுவின் முடிவு இந்நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றது. உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இலங்கைக்கான வரிச்சலுகையை நிறுத்தியது. 2017இல் மீண்டும் வழங்கியது. நிறுத்தியதும் கொடுத்ததும் வாணிபச் சலுகையே. அதனால் நம் கமக்காரன் கையில் ஒரு தீர்ப்பும் வந்து சேரவில்லை.

ஆகவே வழக்காளி நாமாகவே இருத்தல் வேண்டும். கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞராயிருந்த கோடீசுவரன், சிங்களத் தேர்ச்சி இல்லை என்று சம்பள உயர்ச்சியை மறுத்த அரசின்மீது வழக்குத் தொடுத்தார். 1964இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், அரச ஊழியன் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காடலாம் என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அக்கேள்விக்கு விடை வரவே இல்லை. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. தனியொருவர் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதையும், எங்கே நிறுத்தப்படுவார் என்பதையும் இவ்வழக்குக் காட்டுகின்றது.

தீர்ப்புக் கிடைத்தாலும் போதாது. குருந்தூர்மலையில் கட்டுமானம் கூடாது என்று முல்லைத்தீவு நீதிமன்றம் 2022இல் கட்டளையிட்டது. கட்டளை மீறப்பட்டதாக அந்நீதிமன்றமே 2023 ஓகஸ்டில் கண்டது. அடுத்த மாதம் அந்த நீதிபதி, உயிருக்கு அச்சுறுத்தல் என்று கூறிப் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். நீதிபதியைக் காக்கும் பலமும் மக்களின் ஒற்றுமையில்தான் இருக்கின்றது.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன? புரியாத மொழியில் கடிதம் வந்தால் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். தமிழில் தருமாறு எழுதிக் கேளுங்கள், பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். அதன் பரிந்துரையைத் திணைக்களம் புறக்கணித்தால் மாகாண மேல் நீதிமன்றம் செல்ல 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்கின்றது. உங்கள் காணி எந்தக் கோப்பில், எந்த நிலையில் கிடக்கின்றது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்தத் தவணை போனால் வழக்கும் போயிற்று!

ஆசிரியர்களே, எழுதுவினைஞர்களே, சட்டத்தரணிகளே! ஊருக்கு ஒருவராக முன்வந்து கமக்காரரின் முறைப்பாடுகளை எழுதிக் கொடுங்கள். கேட்பதற்கு ஒருவர் மட்டும் நின்றால் அரசு காலங்கடத்தும். ஊரே எழுத்தில் கேட்டால், பதிலும் எழுத்திலேயே வந்தாக வேண்டும்.