தாஜ்மஹாலைச் செதுக்கிய கரங்கள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தாஜ்மஹாலைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, "கட்டியவர்களின் கைகளை ஷாஜஹான் வெட்டிவிட்டாராமே?" என்று நம் பிள்ளைகளே கேட்கின்றனர். இக்கதைக்கு வரலாற்றுச் சான்று யாதொன்றும் இல்லை. மறுப்பதற்கான சான்றுகளோ உள. ஆதலின் அக்கரங்களைப் பற்றியே இன்று பேசுவோம்.

பேரரசி மும்தாஜ் மஹல் 1631ஆம் ஆண்டு புர்ஹான்பூரில், பதினான்காவது மகப்பேற்றின்போது வஃபாத்தானார். மறு ஆண்டே ஆக்ராவில், யமுனைக் கரையில் பணி தொடங்கிற்று. ஆற்றோரத்து இளகிய மண்ணில் இத்துணைப் பாரத்தை நிறுத்துவது எளிதன்று. கிணறுகளை இறக்கி, கல்லும் சுண்ணாம்புக் காரையும் இட்டு நிரப்பி, அவற்றின்மீதே அடித்தளத்தை எழுப்பினர்.

வெண்பளிங்கு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மக்ரானாவிலிருந்து வண்டிகளில் வந்தது. அதன் பொருட்டு ஆம்பேர் மன்னர் ஜெய்சிங்குக்குப் பேரரசர் விடுத்த ஃபர்மான்கள் இன்றும் உள்ளன. வண்டிகளை ஏற்பாடு செய்க என்கிறது ஒன்று. கல்தச்சர்களை அங்கேயே நிறுத்திக்கொள்ளாமல் ஆக்ராவுக்கு அனுப்புக என்கிறது மற்றொன்று. கல்தச்சருக்காக இப்படிக் கடிதம் எழுதியவரா அவர்தம் கைகளை வெட்டியிருப்பார்? தலைமைச் சிற்பியாகக் கருதப்பெறும் உஸ்தாத் அஹ்மத் லாஹூரி, 1639இல் தொடங்கிய டெல்லிச் செங்கோட்டைப் பணியிலும் ஈடுபட்டவர்.

எழுத்தணியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பெருவாயிலில் சூரத்துல் ஃபஜ்ர் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதியுற்ற ஆன்மாவைச் சுவனத்திற்கு அழைத்து நிறைவுறும் அத்தியாயம் அது. தோட்டத்துள் நுழையும் வாயிலுக்கு இதனினும் பொருத்தமானது வேறில்லை. பளிங்கைக் குடைந்து கருநிறக் கல்லைப் பதித்த எழுத்துகள், மேலே செல்லச் செல்லப் பெரிதாக்கப்பட்டுள்ளன. ஆதலால் தரையில் நிற்பவர் கண்ணுக்கு யாவும் ஒரே அளவாய்த் தோன்றும். எழுதியவர் ஷீராஸைச் சேர்ந்த அமானத் கான். ரவ்ளாவின் உட்புறத்தில் தம் பெயரை ஹிஜ்ரி ஆண்டுடன் பொறித்திருக்கின்றார். ஏனைய கல்தச்சருள் பலர் மீன், அம்பு, நட்சத்திரம் போன்ற குறிகளை மட்டுமே கற்களில் விட்டுச் சென்றனர்.

மலர் வேலைப்பாடுகள் தீட்டியவை அல்ல, பதித்தவை. பதக்ஷானின் நீலக்கல் முதலானவற்றைக் கம்பி பூட்டிய வில்லால், சாணைப்பொடி தூவி இதழ் இதழாக அறுத்தனர். மும்தாஜின் மேல்தளக் கல்லறையில் விரலால் தடவினும் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இணைப்புத் தட்டுப்படாது என்பர். அறையின் நட்டநடுவே அமைந்திருப்பது அவருடைய கல்லறையே. 1666இல் ஷாஜஹானுடையது மேற்கே சேர்க்கப்பட்டது. அறையின் சமச்சீர் குலைந்தது அங்கு மட்டுந்தான்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆண்டறிக்கை வாசிக்கப்பெறும் கூட்டமல்லவா இது! முப்பது கிராமங்களின் வருவாயும் கடைகள், சத்திரங்களின் வாடகையும் இதற்கென வக்ஃபு செய்யப்பட்டிருந்தன. அவ்வாறிருந்தும், 1652ஆம் ஆண்டு அவுரங்கசீப் தம் தந்தைக்கு ஒரு கடிதம் எழுத நேர்ந்தது. மழையில் பெரிய குவிமாடம் வடபுறத்தில் ஒழுகுகிறது. பள்ளிவாசலும் ஜமாஅத் கானாவும்கூட ஒழுகிச் செப்பனிடப்பட்டன என்கிறது அக்கடிதம்.