அணைக்கட்டு வேலையும் நடக்கணும், குறுவையும் நடக்கணும்!

(அணைக்கட்டு முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறோம். அணைக்கட்டைப் பழுது பார்க்கக் கூடாது என்று நாம் இங்கே கூடவில்லை. "சங்கக்காரன் வேலையைத் தடுக்கிறான்" என்று டீக்கடையில் பேச்சைக் கிளப்பி விட்டிருக்கிறார்கள். இந்த வேலை வேண்டும் என்று மனு மேல் மனு கொடுத்ததே நாம்தான். பழைய கட்டுமானத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று முக்கொம்பில் பார்த்தோமே!

அங்கே இருக்கிற மேலணை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது. கொள்ளிடம் காவிரியை விடத் தாழ்வு. விட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே இறங்கிக் கடலுக்குப் போய்விடும், காவிரி மேடிட்டுப் போகும். அதைத் தடுத்துத் தண்ணீரை நம் பக்கம் திருப்பத்தான் அந்த அணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, அதில் ஒன்பது மதகு அடித்துக்கொண்டு போனது. பெருவெள்ளத்தில் நின்ற மதகு, வெள்ளம் குறைந்த பிறகு விழுந்தது. அப்புறம் ராத்திரி பகலாகப் பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைத்தார்கள். கீழே புதுக் கதவணை கட்ட 387 கோடிக்கு மேல் ஒதுக்கினார்கள்.

ஏன் விழுகிறது? இவையெல்லாம் மணல் ஆற்றில் நிற்கிற கட்டுமானம். அணைக்குக் கீழே மணலை அள்ளி ஆழமாக்கினால், மேல் தண்ணீருக்கும் கீழ் தண்ணீருக்கும் உயர வித்தியாசம் கூடுகிறது. தண்ணீர் தரைத்தளத்துக்கு அடியில் பாய்ந்து மணலை இழுத்துக்கொண்டு வெளியே வரும். உள்ளே குடைந்துகொண்டே போகும், மேலே சிமெண்ட் பூச்சு பளபளவென்று இருக்கும். அதனால்தான் சொல்கிறோம், மேலே பூசிவிட்டுப் போகிற வேலை நமக்கு வேண்டாம்.

இப்போது நம் ஊர் கதைக்கு வருவோம். ஜனவரி 28-ல் மேட்டூர் அடைத்தால் ஜூன் 12-ல் திறப்பது கணக்கு. நடுவில் 135 நாள். பழுது வேலைக்கு ஆண்டவன் கொடுத்த நாள் அதுதான். மாசி போச்சு, பங்குனி போச்சு, ஒரு ஆளைக் காணோம். சித்திரைக் கடைசியில் பொக்லைன் வருகிறது! வந்ததும் நம் வாய்க்கால் தலைப்புக்கு முன்னாலேயே குறுக்கே மண்கரை போட்டாச்சு. கேட்டால் "தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்" என்கிறார்கள். 2022-ல் மே 24-லேயே மேட்டூரைத் திறந்தார்களே, அதுமாதிரி திறந்தால் என்ன பதில்?

போர் வைத்திருப்பவர் நாற்று விட்டாச்சு. போர் இல்லாத ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர்காரர்கள் மணிக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கி விட்டிருக்கிறார்கள். நாற்று முற்றினால் யார் பொறுப்பு? கடைமடைக்குத் தண்ணீர் எட்ட எப்போதுமே பத்து நாள் கூட ஆகும். அவர்கள் குறுவையை மறந்துவிட வேண்டியதுதான்.

அணை மேல் நடைபாதையையும் அடைத்துவிட்டார்கள். அக்கரையிலிருந்து நடவுக்கு வருகிற பெண்கள், பால் ஊற்ற வருகிறவர்கள், எல்லாரும் ஊரைச் சுற்றி வருகிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூலியில் பாதி போச்சு. இதைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி இல்லை.

நாம் கேட்பது பெரிய விஷயமில்லை. மண்கரையில் குழாய் பதித்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடு. வேலை என்ன, தொகை என்ன, முடிக்கிற தேதி என்ன என்று தமிழில் போர்டு வை. நடந்து போக ஒரு பக்கம் வழி விடு. தோண்டிய மணல் லாரியில் ஏறக் கூடாது, அணைக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கே போகணும். தரைத்தள வேலை நடக்கும்போது பாசனதாரர்கள் நான்கு பேர் கூட நின்று பார்ப்போம். தண்ணீர் தாமதமாகி நாற்று கெட்டால் நிவாரணம் கொடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் முன்பு கூடுகிறோம். நாற்று விட்டவர்கள் சர்வே நம்பர், விட்ட தேதி, விதை ரசீது எல்லாம் கையோடு கொண்டு வாருங்கள். அக்கரைக்காரர்களுக்கு டிராக்டர் சொல்லியாச்சு, ஏழரைக்கே புளியமரத்தடியில் நிற்கும். மத்தியானச் சாப்பாடு சங்கத்தில்.