விசை சென்றடையும் இடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் பொறியியல் கணக்கைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். விளக்குக் கம்பத்தின் அடித்தளம், பாதுகாப்பு வால்வின் வெளியேற்றுக் குழாய் என்னும் இரண்டையும் எடுத்துக்கொண்டுள்ளோம். இரண்டும் பார்வைக்குச் சிறியவை. ஆயினும் கட்டடக் கணக்கில் கை தேர்ந்தவரும் இவற்றை முதன்முறை சந்திக்கையில் சற்றே திகைப்பர். பழகாத கணக்கு மேசைக்கு வரும்போது அதனை எவ்வாறு அணுகுவது என்பது நம் காலனியில் பொறியியல் பயிலும் பிள்ளைகளுக்குப் பயன்படும். அக்கணக்கின் நிழலில் நாள்தோறும் நடமாடும் நாமனைவரும் அறிந்துகொள்வதும் நன்றே.

புசா ரோடு என்னும் பெயரிலேயே ஒரு பாடம் அடங்கியுள்ளது. புசா என்பது பீகாரில் உள்ள ஓர் ஊர். 1905-ஆம் ஆண்டில் அங்கே வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் அதன் கட்டடம் சிதைந்தது. 1936-இல் கழகம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது; தன் பழைய ஊரின் பெயரையும் உடன் கொண்டுவந்தது. அந்நிலநடுக்கத்தில் வட பீகாரின் பரந்த பகுதியில் நீரேறிய மணல் குழம்புபோல் இளகிற்று. அங்கே வீடுகள் சாய்ந்தன. சில மண்ணுள் அமிழ்ந்தன. சுவர் எத்துணை உறுதியுடையதாயினும் கீழே உள்ள மண் கைவிட்டால் பயனில்லை என்பதை இச்சாலையின் பெயர்ப்பலகை நமக்கு நினைவூட்டிய வண்ணம் நிற்கின்றது.

இன்று இச்சாலையின்மேல் மெட்ரோ இரயில் தூண்களின்மீது ஓடுகின்றது. இத்தடம் 2005 டிசம்பர் 31 அன்று திறக்கப்பெற்றது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் புசா ரோடு பள்ளிக்குச் செல்லும் நம் குழந்தைகள் தூண்களையும் விளக்குக் கம்பங்களையும் கடந்தே செல்கின்றனர். அக்கம்பம் ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

வீட்டின் அடித்தளம் பெரும்பாலும் சுமையைத் தாங்குவது. கம்பத்தின் அடித்தளமோ சாய்வைத் தடுப்பது. கம்பத்தின் எடை சிறிது. அதனை மண் எளிதில் தாங்கும். அதனைச் சாய்க்க முயல்வது காற்று. இந்தியத் தர விதி தில்லிக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 47 மீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். வேகத்தை அதனாலேயே பெருக்கி, 0.6-ஆல் மீண்டும் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர்மீது விழும் அழுத்தம் நியூட்டன் அளவில் கிடைக்கும். தில்லிக்கு அது சுமார் 1,325. அதாவது ஏறத்தாழ 135 கிலோ எடைக்கு ஒப்பானது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

9 மீட்டர் நீளமுள்ள உருண்டைக் கம்பம் ஒன்று. ஆறில் ஒரு பங்கைப் புதைப்பது களத்தில் வழங்கும் பழைய வழக்கு. ஆகவே 1.5 மீட்டர் மண்ணுள்ளும் 7.5 மீட்டர் வெளியிலும் இருக்கும். சராசரிக் குறுக்களவு 15 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். உருண்டை வடிவம் காற்றை வழுக்கவிடும் என்பதையும் கருதினால், கம்பத்தைத் தள்ளும் விசை தோராயமாக 100 கிலோ. அது தரைக்கு மேல் ஏறத்தாழ 3.75 மீட்டர் உயரத்தில் செயற்படுவதாகக் கொள்ளலாம். நூறு கிலோதானே என எண்ணுதல் கூடாது. கடப்பாரையின் நீண்ட முனையில் சிறிது அழுத்தினால் குறுகிய முனையில் பாறை பெயர்வதில்லையா? அதுபோலவே இங்கு மேல்மண் ஒரு பக்கத்தில் 500 கிலோவுக்கு மேலும், அடிமண் எதிர்ப்பக்கத்தில் 400 கிலோவுக்கு மேலும் தாங்க நேரும். விளக்கின்மீது படும் காற்றைச் சேர்த்தால் இத்தொகை இன்னும் உயரும்.

மழையில் நனைந்து மேல்மண் இளகினால், அல்லது கேபிள் பதிப்போர் கம்பத்தின் அடியில் பள்ளம் தோண்டி அரைகுறையாக மூடினால், அந்த 500 கிலோ எங்கே செல்லும்? கம்பம் சாய்ந்தபின் காற்றைக் குறை கூறுவர். குறை மண்ணிடத்தது. மணற்பாங்கான நிலத்தில் புதைக்கும் ஆழத்தை இருமடங்காக்கினால் சாய்வைத் தடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஆழத்தில் சிக்கனம் செய்வது எத்துணை பேதைமை என்பது இதனால் விளங்கும்.

இனி, வால்வுக்கு வருவோம். நம் இல்லங்களில் பிரஷர் குக்கரின் தலையில் அமர்ந்திருக்கும் வெயிட்டைத் தாய்மார்கள் நன்கறிவர். ஆவி அளவு மீறினால் அது எழுந்து வழிவிடும். ஆலையில் உள்ள பாதுகாப்பு வால்வும் அதே பணியைச் செய்கின்றது. ஆனால் அங்கே வெளிப்படும் ஆவியைக் குழாய் வழியே பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தோட்டத்து ரப்பர் குழாயில் நீர் வேகமாய்ப் பாயும்போது அதன் முனை பின்னோக்கித் துள்ளுகின்றது அன்றோ? வினாடிக்கு 5 கிலோ நீராவி, வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறினால், குழாயை எதிர்த்திசையில் தள்ளும் விசை 2,000 நியூட்டன். ஏறத்தாழ 200 கிலோ. வால்வு திடீரெனத் திறப்பதால் அதன் தாக்கம் இருமடங்கு வரையிலும் உயரலாம். குழாயைத் தாங்க வேறு பிடிமானம் இல்லையெனின் அவ்வளவும் வால்வின் கழுத்தில் வந்து விழும். கம்பத்தை வெளியிலிருந்து காற்று தள்ளுகின்றது. குழாயை உள்ளிருந்து ஆவி தள்ளுகின்றது. கணக்கு ஒன்றே: விசை எவ்வளவு, எவ்வளவு தூரத்தில், இறுதியில் அது சென்றடையும் இடம் எது?

குழாயில் இன்னொரு நுட்பமும் உண்டு. கலத்திலிருந்து வால்வுக்கு வரும் குழாய் மெலிந்தோ நீண்டோ இருந்தால் வழியிலேயே அழுத்தம் குறையும். வால்வு திறக்கும், உடனே மூடும், மீண்டும் திறக்கும். படபடவென அடித்துக்கொண்டு தன்னையே சிதைத்துக்கொள்ளும். ஆகவேதான் அவ்விழப்பு, வால்வு திறக்கும் அழுத்தத்தில் 3 விழுக்காட்டை மீறலாகாது என விதித்துள்ளனர்.

வால்வு திறந்தால் மட்டும் போதுமா? 1984 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் நீர் புகுந்து அழுத்தம் பெருகியது. வால்வு திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை. ஆனால் குழாய் கொண்டுசென்ற நச்சுவாயுவைக் கழுவும் கோபுரத்தால் அவ்வெள்ளத்தை அடக்க இயலவில்லை. எரித்துவிட வேண்டிய கோபுரத்தின் குழாயில் ஒரு துண்டு பழுதுபார்ப்பதற்கெனக் கழற்றப்பட்டிருந்தது. நச்சு ஊருக்குள் இறங்கிற்று. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். வால்வைக் கண்டவர் அதன் குழாயின் மறுமுனையையும் காண வேண்டும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

இளைஞர்களே, பழகாத கணக்கு வரும்போது முதலில் புத்தகத்தின் சூத்திரத்தைத் தேடி ஓடாதீர்கள். ஒரு தாளில் படம் வரையுங்கள். தள்ளுவது எது, தாங்குவது எது எனக் கோடிட்டுக் காட்டுங்கள். விடை நூறா, ஆயிரமா என மனக்கணக்காய் மதிப்பிடுங்கள். அதன்பின் சூத்திரத்தை எடுங்கள். அது எவ்வகை மண்ணுக்கு, எவ்வகை ஆவிக்கு வகுக்கப்பட்டது என்பதைப் படித்த பின்னரே எண்களை இடுங்கள். அலகுகளை ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். செவ்வாய்க் கோளுக்கு அனுப்பிய அமெரிக்க விண்கலம் ஒன்று 1999-இல், ஒரு குழுவினர் பவுண்டு அளவிலும் மற்றவர் நியூட்டன் அளவிலும் கணித்தமையால் அழிந்தது. கணிப்பொறி எட்டுத் தசமம் வரை விடை தரும். ஆனால் நீங்கள் தவறான மண்ணைக் கொடுத்தீர்கள் என்று சொல்லாது.

நிறைவாக, உங்கள் கணக்கை மற்றொருவரிடம் காட்டுங்கள். “இவ்வகைக் கணக்கு எனக்குப் புதிது, பார்த்துச் சொல்லுங்கள் ஐயா” என்று மூத்தவரிடம் கேட்பதில் இழுக்கில்லை. அவ்வாறு கேட்பவரை எள்ளி நகையாடும் மூத்தவருக்கே அது இழுக்கு. கேட்கத் தயங்கிய ஒரு வினாவின் விலையைக் கம்பத்தின் கீழே நடந்துசெல்லும் யாரோ ஒருவர் செலுத்த நேரும். பழகாத ஊருக்கு வந்து, வழி கேட்டுக் கேட்டே வாழ்வை அமைத்துக்கொண்ட குடும்பங்கள் நாம். கேட்டறிதலின் பெருமையை நம் பிள்ளைகளுக்கு நாமன்றி யார் கற்பிக்க வல்லார்?

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!