எண்ணெயும் வாக்குறுதியும்





அமெரிக்காவும் சஊதி அரேபியாவும் நண்பர்களா, பகைவர்களா? நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வினா இது. வரலாறு தரும் விடையைச் சற்றுச் செவிமடுங்கள்.

1945 பெப்ரவரி 14 இல், சுயஸ் கால்வாயை அண்டிய ஏரியில் நின்ற குவின்சி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் மன்னர் அப்துல் அஸீஸும் சந்தித்தனர். யூதர்கள் பலஸ்தீனில் குடியேற ரூஸ்வெல்ட் மன்னரின் ஆதரவை நாடினார்; மன்னர் உறுதியாக மறுத்தார். அறபு மக்களுக்கு விரோதமாக எதனையும் செய்யேன் என ரூஸ்வெல்ட் ஏப்ரல் 5 இல் கடிதம் எழுதினார். ஒரே வாரத்தில் அவர் மரணித்தார். 1948 மே 14 இல் இஸ்ரேல் பிரகடனப்படுத்தப்பட்டபோது, ஜனாதிபதி ட்ரூமன் சில நிமிடங்களிலேயே அதனை அங்கீகரித்தார். வாக்குறுதி முறிந்தது, எண்ணெய் உறவோ முறியவில்லை!

1973 ஒக்டோபர் யுத்தத்தின்போது மன்னர் பைஸல் அமெரிக்காவுக்கான எண்ணெயைத் தடுத்தார். சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. 1974 மார்ச்சில் தடை நீங்கியது, நட்பும் மீண்டது. 1990 இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததும் இலட்சக்கணக்கான அமெரிக்கப் படையினர் சஊதி மண்ணில் இறங்கினர். அவ்வேளை குவைத்தில் தொழில் புரிந்த நம் நாட்டவர் பலர் வெறுங்கையுடன் வீடு திரும்பியதை மூத்தோர் அறிவீர்கள்.

2001 செப்டெம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரில் 15 பேர் சஊதிப் பிரஜைகள் என்பதால் உறவு கசந்தது. 2003 இல் அமெரிக்கப் படைகளில் பெரும்பாலானவை அங்கிருந்து வெளியேறின. சஊதியை ஒதுக்கிவைப்பேன் எனத் தேர்தல் காலத்தில் கூறிய ஜோ பைடன், 2022 ஜூலையில் ஜித்தா சென்றார். அதே ஆண்டு ஒக்டோபரில், அவரது விருப்பத்துக்கு மாறாக, சஊதியும் ஏனைய ஒபெக் பிளஸ் நாடுகளும் நாளொன்றுக்கு 20 இலட்சம் பீப்பாய்களால் உற்பத்தி இலக்கைக் குறைத்தன. 2023 மார்ச்சில் சஊதியும் ஈரானும் சமரசம் செய்துகொண்டது வாஷிங்டனில் அல்ல, பெய்ஜிங்கில்!

சகோதரர்களே! அரசுகள் தேவையால் இணைகின்றன. தேவை மாறும்போது முகம் மாற்றுகின்றன. மக்கா, மதீனா மீது நாம் கொண்ட நேசம் வேறு; ஓர் அரசாங்கத்தின் கொள்கை வேறு. ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்கவும் வேண்டாம், வெகுளவும் வேண்டாம்.

பெற்றோர்களே! பிள்ளைகள் இவ்வினாக்களைத் தொடுக்கும்போது வாயடைக்காதீர்கள். ஆண்டையும் நிகழ்வையும் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாததை ஆத்திரமூட்டுவோர் சொல்லிவிடுவர். எவர் செய்யினும் நீதியை நீதியென்றும் அநீதியை அநீதியென்றும் கூறும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக!