அப்பாவின் பென்சனும் பிள்ளையின் உதவித்தொகையும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பிள்ளையைக் காலேஜில் சேர்க்க, குழுவில் கடன் கேட்கிற அம்மாக்கள் நம்மில் நிறையப் பேர். கடனுக்கு முன்னாடி உதவித்தொகையைப் பாருங்க. "வீட்டுக்காரர் ரிட்டையர் ஆயிட்டார், இனி வருமானம் ஏது?" என்று சிலர் நினைக்கிறோம். அது சரியில்லை. பென்சனும் வருமானம்தான். கணவர் இறந்த பிறகு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் வருமானம்தான்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அப்பாவுக்குப் பென்சன் மாதம் 20,000 ரூபாய். வருடத்துக்கு 2,40,000. வரம்புக்குள் இருக்கிறது. அம்மா தையலில் மாதம் 1,000 சம்பாதித்தால் இன்னொரு 12,000. மொத்தம் 2,52,000. வரம்பு தாண்டிவிட்டது! ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தை வங்கியில் போட்டிருந்தால், அந்த வட்டியும் சேரும். குழுவில் வாங்கிய கடன் மட்டும் வருமானம் ஆகாது.

இதில் நல்ல செய்தியும் உண்டு. சம்பளம் வாங்கின காலத்தில் வரம்பு தாண்டிய குடும்பம், பென்சனுக்கு வந்ததும் உள்ளே வரலாம். அதனால் பழைய வருமானச் சான்றிதழையே வைத்துக்கொண்டு இருக்காதீங்க. பென்சன் புத்தகம், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் புதிதாக விண்ணப்பியுங்க. வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது உள்ளதைச் சொல்லுங்க. மறைத்து வாங்கினால் உதவித்தொகை ரத்தாகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்பார்கள்.

வரம்பு தாண்டினாலும் மனம் தளர வேண்டாம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய இதற்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கவுன்சலிங் மூலம் தொழிற்கல்வியில் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கும் வருமானம் பார்ப்பதில்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள ஒவ்வொருவரும் பென்சன், கூலி, வட்டி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்க. படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் உள்ளவர் எழுதிக் கொடுங்க.