கதிரறுக்கும் கண்களைக் காப்போம்!

(ராயகிரியில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கிருமி என்றதும் காலராவும் காசமும் மலேரியாவும் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றுக்குச் சர்க்கார் சுவரொட்டியாவது ஒட்டுகிறது. ஆனால் வயற்காட்டிலேயே குடியிருந்து, உழைப்பவன் கண்ணைக் குறிவைக்கும் கிருமிகள் உண்டு. அவற்றைப் பற்றி நம்மிடம் யாரும் வந்து பேசுவதில்லை. ஆகவே நாமே பேசுவோம்.

நம் வட்டாரத்தில் 'கண்ணில் பூ விழுந்தவர்' இல்லாத கிராமம் எது? கருவிழியில் வெள்ளையாகத் தழும்பு கட்டி, பார்வை மங்கி, ஒற்றைக் கண்ணோடு களத்துக்கு வருகிறவர்களை நாம் எல்லோரும் அறிவோம். "அவன் தலையெழுத்து" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தலையெழுத்துத்தானா என்று கணக்கைப் பார்ப்போம்.

திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை, கருவிழியில் புண்ணோடு வந்த 3,183 பேரைப் பரிசோதித்தார்கள். தென்காசி தனி ஜில்லா ஆனது 2019-ல்தான். அப்போது நாமும் திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தவர்களே. அந்த 3,183 பேரில் 1,095 பேருக்குப் புண்ணை உண்டாக்கியது பூசணம். பழைய சோற்றிலும் ஈர வைக்கோலிலும் பூக்கிறதே, அந்த இனம். 33 பேருக்கு 'அகாந்தமீபா' என்ற ஒற்றைச் செல் பிராணி. அது குளத்திலும் வாய்க்காலிலும் சேற்றிலும் வாழ்வது.

பூசணத்தால் கண் புண்ணான 1,095 பேர் யார்? 709 பேர் விவசாய வேலை செய்கிறவர்கள். 1,009 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ பட்டுக் காயமாகியிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு பேர் 21 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். குடும்பத்தைத் தாங்கும் வயது அது. தலையெழுத்து என்பது இப்படி வேலை பார்த்து, வயது பார்த்து வருமா, தோழர்களே?

மதுரை ஜில்லாவில் 1993-ம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், லட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளானார்கள். அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு. நம் கண் பலவீனமானதல்ல. நம் வேலையும் வறுமையும் அப்படி.

இந்தக் கிருமி கண்ணுக்குள் எப்படி நுழைகிறது? கருவிழி கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதற்காக, இயற்கை அதில் ரத்தக் குழாய் வைக்கவில்லை. அதன் மேல்தோல் முழுசாக இருக்கும்வரை கிருமிக்கு வழியில்லை. கதிரறுக்கையில் தாள் குத்துகிறது. தூற்றுகையில் நெற்சுணை தெறிக்கிறது. கரும்புச் சோகை கிழிக்கிறது. எலுமிச்சைத் தோட்டத்தில் முள் உரசுகிறது. மாட்டின் வால் அடிக்கிறது. மேல்தோலில் சிறு கீறல் விழுந்தால் போதும், மண்ணிலும் மட்கிய தழையிலும் கிடக்கும் 'புசேரியம்', 'அஸ்பர்ஜில்லஸ்' என்ற பூசணங்களின் வித்து அதில் இறங்கிவிடுகிறது. பிறகு நூல் நூலாக வேர்விட்டு ஆழத்துக்குப் போகிறது. முதல் சில நாட்கள் உறுத்தல்தான் இருக்கும். வலி பொறுக்காமல் நாம் எழுந்திருக்கும்போது, புண் கருவிழியின் நடுவுக்கு வந்திருக்கும்.

அந்தச் சில நாட்களில்தான் கண் போகிறது. உறுத்தலோடு நாம் என்ன செய்கிறோம்? மறுநாளும் வேலைக்குப் போகிறோம். போகாவிட்டால் கூலி இல்லை. அக்கம்பக்கத்தார் அன்போடு தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், நாக்கால் தூசி எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்த காலத்து ஏற்பாடு அது. ஆனால் கீறல் பட்ட கண்ணில் இவை புதுக் கிருமிகளைச் சேர்க்கும் என்பதை அறிய வேண்டும். வாய்க்கால் தண்ணீரில் கழுவுவதும் அப்படித்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் வாங்கும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் 'ஸ்டீராய்டு' கலந்திருக்கும். போட்டதும் சிவப்பு தணியும், வலி குறையும். ஆனால் அது கிருமியைக் கொல்வதில்லை. கிருமியோடு போராடும் உடம்பின் கையைக் கட்டிவிடுகிறது. பூசணம் தடையின்றிப் பரவுகிறது. கருவிழி ஓட்டை விழுந்து கண்ணையே எடுக்க நேர்கிறது.

இதற்கு வைத்தியம் இல்லையா? இருக்கிறது. புண்ணில் சிறிது சுரண்டி எடுத்துக் காரத் திரவம் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், பூசண நூல் சில நிமிஷங்களில் தெரிந்துவிடும். மருந்தின் பெயர் 'நாட்டாமைசின்'. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1955-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். மண்ணில் நோய் இருப்பது போல மருந்தும் மண்ணிலேயே இருந்தது! தென்னிந்தியாவில் 323 நோயாளிகளிடம் இதையும் விலை உயர்ந்த புது மருந்தொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். நாட்டாமைசினே மேலானது என்று தெரிந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் 2017-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மணிக்கொரு தரம் விட்டு, வாரக்கணக்கில் தொடர வேண்டிய மருந்து இது. அதுவரை வேலைக்குப் போகக்கூடாது. அன்றாடக் கூலி அத்தனை வாரம் எதைத் தின்பான்? விஞ்ஞானம் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டது. அதைப் போட்டுக்கொள்ளும் அவகாசத்தைச் சமுதாயம் இன்னும் கொடுக்கவில்லை.

புண் வருமுன் தடுப்பது அதைவிடச் சுலபம். மதுரை ஜில்லாவில் சுமார் 48 ஆயிரம் மக்களை 18 மாதம் கிராமத் தொண்டர்களே கவனித்து வந்தார்கள். கண்ணில் அடிபட்டவர்களைத் தொண்டர் உடனே பார்த்தார். 374 பேருக்குக் கருவிழியில் கீறல் இருந்தது. மூன்று நாள் களிம்பு போட்டார்கள். ஏறக்குறைய அத்தனை பேருக்கும் கீறல் சிக்கலின்றி ஆறியது. பூசணப் புண் வரவில்லை. 2006-ல் வெளியான முடிவு இது. இதைச் செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற கிராமத்து மக்கள்.

சட்டம் என்ன செய்தது? 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஒரு கண்ணின் பார்வை போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவிகிதம் போனதாகக் கணக்கிட்டது. பின்னால் அதன் அட்டவணையில் விவசாயம் சேர்ந்தபோதோ, டிராக்டராலும் இயந்திரத்தாலும் மின்சாரத்தாலும் நடக்கும் விவசாயம் என்றே எழுதினார்கள். கதிரரிவாள் பிடித்தவனுக்கு அதில் இடமில்லாமல் போனது. மில் தொழிலாளியின் கண்ணுக்கு விலை உண்டு, வயல் தொழிலாளியின் கண்ணுக்கு விலை இல்லை என்பது என்ன நியாயம்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் காய மருந்தும், தாலுகா ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பரிசோதனையும் நாட்டாமைசினும் எந்நாளும் இருக்க வேண்டும். அறுப்புக்கும் தூற்றலுக்கும் கரும்பு வெட்டுக்கும் ஆள் வைக்கிறவர், கண்ணாடியும் தர வேண்டும். சிகிச்சைக் காலத்துக்குக் கூலி ஈடு வேண்டும். கையால் செய்யும் விவசாய வேலையில் கண் போனாலும் நஷ்டஈடு வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும்வரை சங்கம் சும்மா இருக்கலாமா? தெருவுக்கு ஒரு தோழர் பயிற்சி பெறட்டும். கண்ணில் எது பட்டாலும் கசக்காதே, சுத்தமான குடிநீரில் கழுவு, அன்றே டாக்டரிடம் போ, சீட்டில்லாமல் சொட்டு மருந்து வாங்காதே என்று வீடு வீடாகச் சொல்லட்டும். அடிபட்டவரைச் சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போக ஒரு துணையாள், பஸ் செலவுக்கு ஒரு சிறு நிதி, அவர் வீட்டு அடுப்பு எரிய ஒரு பிடி அரிசி, இவற்றை நாம் சேர்ந்து செய்ய முடியும்.

ஊருக்குச் சோறு போடும் கைகள் நம்முடையவை. அந்தச் சோற்றுக்கு விலையாக நம் கண்ணையும் கொடுக்கச் சம்மதிக்க மாட்டோம்! அடுத்த அறுப்புக்குள் தெருத்தோறும் தொண்டர் பட்டியல் தயாராகட்டும், தோழர்களே!